வெளுக்க வைக்கும் செடிகள்: கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் வீட்டுக் கதை

பேத்திக்குத் தை மாதம் கல்யாணம். ஐப்பசியிலிருந்தே வாசலில் பார்சல் வந்து விழுகிறது. போன வாரம் வந்த ஒரு சின்ன அட்டைப்பெட்டியைப் பிரித்து, மை பாட்டில் அளவில் ஒரு கண்ணாடிக் குப்பியை என்னிடம் நீட்டினாள். முகத்தில் தடவும் சீரமாம். நான் பல்லாவரத்தில் ஒரு தோல் பதனிடும் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் 31 வருஷம் குப்பிகளோடு காலம் தள்ளியவன். அதனால் வீட்டுக்கு எந்த பாட்டில் வந்தாலும் பின்பக்கத்தில் உள்ளதைப் படித்துச் சொல்வது என் வேலை.

பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். அதிமதுர வேர்ச் சாறு, மல்பெரிச் சாறு, ஆர்புட்டின். தினமும் இரண்டு வேளை தடவினால் எட்டு வாரத்தில் முகம் வெளுக்கும் என்று போட்டிருந்தது.

"எல்லாமே செடிதான் தாத்தா. கெமிக்கல் எதுவும் கிடையாது" என்றாள்.

என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கி, மோர் கலந்த தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. புறங்கையால் நெற்றியை ஒரு தடவை துடைத்துக்கொண்டாள். அவள் நெற்றி நடுவில், பொட்டு வைக்கும் இடத்தில், பட்டாணி அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி உண்டு. முப்பது வருஷத்துக்கு மேலாக அதன் மேலேயேதான் குங்குமம் வைக்கிறாள். அந்தப் புள்ளிக்கும் பேத்தி கையில் இருந்த குப்பிக்கும் உறவு உண்டு. அதை அவளுக்குச் சொல்ல உட்கார்ந்தேன், உங்களுக்கும் சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

அம்மா அரைத்த மாவு

என் அம்மாவுக்கு ஊர் இதே பள்ளிக்கரணைதான். 1950களில் இங்கே வீடு கொஞ்சம், தண்ணீர் நிறைய. இப்போது சதுப்புநிலம் என்று பலகை வைத்து, 2022இல் ராம்சர் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். அப்போது எங்களுக்கு அது கழிவெளி, அவ்வளவுதான். கழனி வரப்புகளில் கோரை முளைத்துக் கிடக்கும். பிடுங்கினால் வேரில் சுண்டைக்காய் அளவில் கருப்பாகக் கிழங்கு வரும். நசுக்கினால் நல்ல வாசனை. அதைக் காயவைத்து அம்மா குளிக்கும் மாவில் சேர்ப்பாள்.

அந்த மாவின் பட்டியல் இன்னும் எனக்கு மனப்பாடம். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, காய்ந்த ரோஜா இதழ், கார்போகரிசி. நாட்டு மருந்துக்கடையில் வாங்கி வந்து, மொட்டை வெயிலில் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைப்பார்கள். மிளகாய் அரைத்த கையோடு அரைத்துவிடக் கூடாது என்று மில்காரரிடம் அம்மா நின்று பார்த்து வாங்குவாள். தீபாவளிக்கும் நலங்குக்கும் அதுதான்.

ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு வேலை இருந்தது. பயறு எண்ணெயை எடுக்கும். கஸ்தூரி மஞ்சள் சமையல் மஞ்சளைப் போலக் கறை பிடிக்காது. முகத்தில் ரோமம் குறையும் என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. வெட்டிவேரும் பூலாங்கிழங்கும் வாசனைக்கு. ஆவாரம்பூ உடம்புச் சூட்டுக்கு. கார்போகரிசி அரிப்புக்கும் தேமலுக்கும்.

கடைசியில் சொன்ன கார்போகரிசியைக் கவனியுங்கள். கருப்பாக, சின்னதாக இருக்கும் ஒரு விதை. வடக்கே பாவஞ்சி, பாகுசி என்பார்கள். தோல் வெளுத்துப்போன இடத்தில் இதைப் பூசி வெயிலில் காட்டினால் நிறம் திரும்பும் என்பது நம் நாட்டு வைத்தியத்தில் மிகப் பழைய அறிவு. 1933இல் ஜோயிஸ், மஞ்சுநாத், வெங்கட ராவ் என்ற மூன்று இந்திய வேதியியலாளர்கள் இந்த விதையை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அதில் உள்ள சோராலென் என்ற பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைக் கருக்க வைக்கிறது. எகிப்திலும் இப்படி ஒரு செடி உண்டு. நைல் நதிக்கரைக் களையான அதன் விதையிலிருந்து எடுத்த மருந்தை, கெய்ரோ டாக்டர் எல் மோஃப்தி 1940களின் கடைசியில் வெண்புள்ளிக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். இன்றைய தோல் மருத்துவத்தில் சோராலென் மாத்திரையும் ஊதாக் கதிர் விளக்கும் வந்த வழி அதுதான்.

ஆக, அம்மாவின் மாவில் வெளுக்க வைக்கும் சரக்கு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கருக்க வைக்கும் சரக்கு ஒன்று இருந்தது. அது அழுக்கெடுக்கும் மாவு, வாசனை மாவு. குளித்து வந்தால் மேனி மினுங்கும். நிறம் மாறாது.

இதைச் சொல்வதால் அந்தக் காலத்தவர்களுக்கு நிறத்தின் மேல் ஆசை இல்லை என்று அர்த்தம் இல்லை. பொய் சொல்லக் கூடாது. பிள்ளைத்தாய்ச்சிக்குப் பாலில் குங்குமப்பூ போட்டுக் கொடுத்தது எதற்கு? பெண் பார்த்துவிட்டு வந்தவரிடம் முதலில் கேட்ட கேள்வி என்ன? ஆனால் நம் பேச்சில் ஒரு விஷயம் இருக்கிறது. நாம் "பொண்ணு சிவப்பா இருக்கா" என்போமே தவிர, வெள்ளையாக இருக்கிறாள் என்று சொல்வது குறைவு. தோலில் வெள்ளை என்றால் நம் வீடுகளில் அது நோயின் பேர். இந்த வித்தியாசம் பின்னால் வரும்.

வாழைக்காய் ஏன் கருக்கிறது

வாழைக்காயை நறுக்கி வெளியே வைத்தால் கருத்துப்போகும். மோர்த் தண்ணீரில் போட்டால் கருக்காது. கத்திரிக்காய், வாழைப்பூ எல்லாம் இப்படித்தான். காயில் உள்ள ஒரு நொதி, காற்றில் உள்ள ஆக்சிஜனைப் பிடித்து, காயில் உள்ள பீனால் வகைப் பொருளைக் கருப்பாக மாற்றுகிறது. புளித்த மோர் அந்த நொதியை மந்தப்படுத்திவிடுகிறது.

நம் தோலிலும் இந்த வகை நொதிதான். பெயர் டைரோசினேஸ். 1895இல் பிரான்சில் பூர்க்லோ, பெர்த்ரான் என்ற இருவர் இதை முதலில் கண்டது காளானில். தோலில் உள்ள நிறச் செல்களுக்குள் இது டைரோசின் என்ற பொருளை எடுத்து, படிப்படியாக மாற்றி, மெலனின் என்ற கருநிறமியாக ஆக்குகிறது. கருப்பானவருக்கும் சிவப்பானவருக்கும் நிறச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அந்தச் செல்கள் எவ்வளவு நிறமி செய்கின்றன, எந்த வகை என்பதில்தான் வித்தியாசம். அந்த நிறமி நமக்கு வெயிலில் பிடித்த குடை.

டைரோசினேஸை ஒரு மாவு மில் என்று வைத்துக்கொள்ளுங்கள். டைரோசின் தானியம், மெலனின் மாவு. மாவு வரத்தைக் குறைக்க வேண்டும் என்றால் என்ன செய்யலாம்? தானியத்தோடு பதரைக் கலந்து கொட்டலாம். மில் ஓடும், மாவு குறையும். பதரை நிறுத்தினால் மாவு பழையபடி வரும். ஆனால் தானியம் போலவே இருக்கும் கல்லைக் கொட்டினால்? அரைக்கிற இயந்திரமே உடைந்துபோகும். வெளுக்க வைக்கும் பொருள்களின் நூறு வருஷச் சரித்திரம் முழுக்க, பதர் என்று நினைத்துக் கல்லைக் கொட்டிய கதைதான்.

கையுறையும் போட்டோ மருந்தும்

முதல் கதை என் தொழிலைச் சேர்ந்தது. குரோம்பேட்டைக்கு அந்தப் பேர் வந்ததே தோலால்தான் என்பது நம் பக்கத்தவர்களுக்குத் தெரியும். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடும் முறையைப் பழக்கினார். பிறகு சேம்பர்ஸ் நடத்திய குரோம் லெதர் கம்பெனி இங்கே வந்தது. அதைச் சுற்றி ஊர் வந்தது. தோல் ஆலை என்றால் சுண்ணாம்புத் தொட்டி, குரோம் உப்பு, ரப்பர் கையுறை.

அந்த ரப்பர் கையுறைதான் விஷயம். அமெரிக்காவில் ஒரு தோல் ஆலையில் கையுறை போட்டு வேலை செய்த கருப்பினத் தொழிலாளிகளுக்கு, கையுறை மூடிய இடமெல்லாம் நிறம் போய் வெளுத்தது. 1939இல் ஆலிவர், ஷ்வார்ட்ஸ், வாரன் என்ற மருத்துவர்கள் இதை எழுதினார்கள். ரப்பர் சீக்கிரம் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்த்த ஹைட்ரோகுயினோன் வகை மருந்து ஒன்று, வியர்வையில் ஊறித் தோலுக்குள் போய் நிறச் செல்களைக் கெடுத்திருந்தது. நான் வேலை பார்த்த இடத்தில் இப்படி வெளுத்த கையை நான் பார்த்ததில்லை. ஆனால் இந்தக் கதையை எனக்குச் சொன்ன எங்கள் கெமிஸ்ட், புதுக் கையுறை வந்தால் ஒரு நாள் காற்றாட வைக்காமல் யாருக்கும் கொடுக்க மாட்டார்.

உலகம் அதிலிருந்து கற்ற பாடம் வேறு. தொழிலாளியின் கையை வெளுக்க வைத்த பொருளா? அப்படியானால் காசு கொடுப்பவர் முகத்தையும் வெளுக்க வைக்கும் அல்லவா! அந்தக் கையுறை மருந்தையே மங்குக்குக் களிம்பாக்கி விற்றார்கள். முகத்தில் திட்டுத்திட்டாக நிரந்தர வெள்ளை விழுந்த பிறகுதான் நிறுத்தினார்கள். இன்று அதற்கு மிச்சம் இருக்கும் ஒரே உபயோகம், உடம்பில் பெரும்பகுதி வெண்புள்ளி பரவியவர்களுக்கு மீதி நிறத்தையும் எடுத்து ஒரே சீராக்குவது.

அதன் தம்பியான ஹைட்ரோகுயினோன் நம் வயதுக்காரர்களுக்கு வேறு விதத்தில் பழக்கம். அந்தக் கால போட்டோ ஸ்டூடியோ இருட்டறையில் படம் கழுவும் மருந்து அது. படத்தில் கருப்பை வரவழைத்த அதே பொருளை முகத்தில் கருப்பைப் போக்கவும் பூசினார்கள். அளவோடு, டாக்டர் மேற்பார்வையில், கொஞ்ச நாளைக்கு என்றால் மங்குக்கு அது வேலை செய்கிறது. இன்றும் எழுதிக் கொடுக்கிறார்கள். ஆனால் தென்னாப்பிரிக்காவில் கருப்பினப் பெண்கள் வருஷக்கணக்கில் பூசிக்கொண்டார்கள். 1975இல் ஃபிண்ட்லே என்ற மருத்துவர் அவர்கள் கன்னத்தில் நீலம் பாரித்த கருந்திட்டுகளைப் பற்றி எழுதினார். வெளுக்கப் பூசியது கருக்க வைத்துவிட்டது. அந்தக் கறை போவதும் இல்லை. அந்த நாடு 1990இல் அழகுப் பொருள்களில் அதைத் தடை செய்தது. ஐரோப்பா 2001இல் தடை செய்தது.

செடிகள் வந்த கதை

ஹைட்ரோகுயினோனுக்குக் கெட்ட பேர் வந்ததும் கம்பெனிகள் தோட்டத்துப் பக்கம் திரும்பின. இங்கேதான் ஆர்புட்டின் வருகிறது. ஐரோப்பாவின் குளிர் பிரதேசத்தில் தரையோடு படரும் கரடிப்பழச் செடியின் இலையில் அது நிறைய. அந்த இலையை அங்கே நீர்க்கடுப்புக்குக் கஷாயம் வைத்துக் குடிப்பார்கள். பேரிக்காயிலும் கொஞ்சம் உண்டு. ஆர்புட்டின் என்பது என்ன? ஹைட்ரோகுயினோனோடு ஒரு சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சர்க்கரை ஒட்டியிருப்பதால் அதன் வேகம் குறைவு, காட்டம் குறைவு. ஜப்பானில் ஷிசெய்டோ கம்பெனி 1980களின் கடைசியில் இதை முகப்பூச்சில் கொண்டுவந்தது. ஆக, போட்டோ மருந்தின் சொந்தக்காரன் இலை வேஷத்தில் வந்தான். இது கெட்டது என்று நான் சொல்லவில்லை. சட்டம் அனுமதித்த அளவில் இது பதர் போலத்தான் நடந்துகொள்கிறது. ஆனால் "கெமிக்கல் கிடையாது" என்று சொன்னால் என் காதில் ஏறாது.

அதே ஜப்பானில், சோற்றைப் புளிக்க வைத்துச் சாராயம் செய்யும் கோஜி பூஞ்சையிலிருந்து கோஜிக் அமிலம் வந்தது. 1998இல் அங்கே ஆய்வாளர்கள் நம் அதிமதுர வேரில் உள்ள கிளாப்ரிடின் என்ற பொருள் டைரோசினேஸைத் தடுக்கிறது என்று காட்டினார்கள். அதிமதுரத்தை நாம் தொண்டைக்கட்டுக்கு வாயில் அடக்கிக்கொள்வோம், பாட்டுக்காரர்கள் பையில் வைத்திருப்பார்கள். கிளாப்ரிடின் வேரில் மிகக் கொஞ்சம். தண்ணீரில் கரைவதும் இல்லை. ஆகவே அதிமதுரப் பொடியைப் பன்னீரில் குழைத்து மாதக்கணக்கில் பூசினாலும் அந்த வேலை நடக்காது. வேரிலிருந்து கரைப்பான் கொண்டு பிரித்து, செறிவாக்கிச் சேர்த்தால்தான் நடக்கும். அப்படிப் பிரித்தெடுத்த பிறகு அது நாட்டு மருந்தா, கெமிக்கலா? என்னைக் கேட்டால் இரண்டுக்கும் நடுவில் கோடே கிடையாது.

நம் நாட்டில் முகப்பூச்சுக் கடை வேறு விதமாக வளர்ந்தது. 1919இல் பம்பாயில் பாட்டன்வாலா ஆஃப்கன் ஸ்னோ கொண்டுவந்தார். நம் அத்தைமார்கள் பெட்டியில் அந்த நீலப் பாட்டில் இருக்கும். 1975இல் ஹிந்துஸ்தான் லீவரின் ஃபேர் அண்ட் லவ்லி. 1998இல் சென்னை கெவின்கேர் ஃபேரெவரைக் கொண்டுவந்தது. அது சொன்னது குங்குமப்பூவும் பாலும். பிள்ளைத்தாய்ச்சி டம்ளரில் இருந்த நம்பிக்கை அப்படியே ட்யூபுக்குள் போய்விட்டது. வெளுப்பு விற்பதற்குச் செடியின் பேரும் பாட்டியின் நினைவும் எவ்வளவு உதவும் என்பது அதன் பிறகு எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

எதிர்ப்பும் நம் ஊரிலிருந்தே கிளம்பியது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. சென்னையில் கவிதா இம்மானுவேல் தொடங்கிய விமன் ஆஃப் வொர்த் அமைப்புதான் 2009இல் 'டார்க் இஸ் ப்யூட்டிஃபுல்' இயக்கத்தை ஆரம்பித்தது. 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதில் சேர்ந்த பிறகு நாடு முழுக்கப் பேச்சாயிற்று. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பேரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று மாற்றிக்கொண்டது. ட்யூபின் மேல் இருந்த பேர்தான் மாறியது. பெண் பார்க்க வருபவர்களின் கண் மாறிவிட்டதா என்பதை அவரவர் வீட்டில் கேட்டுக்கொள்ளலாம்.

மரப்பட்டையிலிருந்து வந்த கல்

2013 ஜூலை 4. ஜப்பானின் பெரிய அழகுப்பொருள் கம்பெனியான கானேபோ 54 பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தது. எல்லாம் வெளுக்க வைக்கும் பூச்சுகள். அவற்றில் இருந்த பொருள் ரோடோடெண்ட்ரால். பிர்ச் மரப்பட்டையிலும், மேப்பிள் மரம் ஒன்றின் பட்டையிலும் இயற்கையாகவே இருக்கிற பொருள் இது. ஜப்பான் அரசு 2008இல் சோதித்து அனுமதி கொடுத்தது. நாட்டு மருந்துக்கடைச் சரக்கு அல்ல. முறைப்படி வந்த மருந்து.

பூசிக்கொண்டவர்களில் 19,000 பேருக்கு மேல் முகத்திலும் கழுத்திலும் கையிலும் வெள்ளைத் திட்டுகள் விழுந்தன. புகார்கள் 2011இலிருந்தே வந்திருக்கின்றன. அது வெண்புள்ளி நோயாக இருக்கும், பூச்சுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று கம்பெனியில் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். 2013 மே மாதம் ஒரு தோல் மருத்துவர் எழுதிக் கேட்ட பிறகுதான் விழித்துக்கொண்டார்கள்.

பிறகு ஆராய்ந்தபோது தெரிந்தது இதுதான்: ரோடோடெண்ட்ரால் பார்ப்பதற்கு டைரோசின் போலவே இருக்கிறது. மில் அதைத் தானியம் என்று நம்பி அரைக்கிறது. அரைபட்டதும் அது செல்லுக்கு விஷமாக மாறுகிறது. நிறச் செல்லே செத்துப்போகிறது. பலருக்குப் பூச்சை நிறுத்திய பிறகு மெல்ல நிறம் திரும்பியது. சிலருக்குத் திரும்பவில்லை. பூசிய எல்லோருக்கும் இது வரவும் இல்லை. நூற்றுக்குச் சுமார் இரண்டு பேருக்குத்தான். அந்த இரண்டு பேர் யார் என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனை யாரிடமும் இருக்கவில்லை.

1939இல் கையுறை, 2013இல் மரப்பட்டை. ஒன்று ரப்பர் ஆலையில் பிறந்தது, மற்றது காட்டில் பிறந்தது. இரண்டும் பீனால் குடும்பம். இரண்டும் ஒரே வாசல் வழியாகப் போய் ஒரே வேலையைச் செய்தன. எங்கே பிறந்தது என்று மில் கேட்பதில்லை.

நெற்றிப் பொட்டு

இப்போது என் மனைவியின் நெற்றிக்கு வருகிறேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

1980களின் நடுவில் ஸ்டிக்கர் பொட்டு வந்தது. வியர்த்தால் வழியாது, துடைத்தால் கலையாது. அதுவரை குங்குமமும் சாந்தும் வைத்தவள், பஸ்ஸில் வேலைக்குப் போய்வருபவள், ஸ்டிக்கருக்கு மாறினாள். குளிக்கும்போது எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுவாள். மறுபடி எடுத்து நெற்றியில் ஒட்டுவாள். நம் எல்லோர் வீட்டுக் கண்ணாடியிலும் அந்த அம்மை வார்த்தது போன்ற புள்ளிகள் இருந்தன.

1991இல் பொட்டுக்கு அடியில் முதலில் அரிப்பு, பிறகு வெள்ளை. அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு டாக்டர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்: "ஸ்டிக்கர் பொட்டா? இன்னையோட நிறுத்துங்கம்மா." அலகாபாத் தோல் மருத்துவர் பஜாஜும் அவருடன் வேலை செய்தவர்களும் அதற்கு முந்தைய வருஷம்தான், 1990இல், இதைக் கண்டுபிடித்து எழுதியிருந்தார்கள். பொட்டை ஒட்ட வைக்கும் பசையில் இருந்த பாரா-டெர்ஷியரி பியூட்டைல் பீனால்தான் காரணம். மறுபடி அதே பீனால் குடும்பம். ரப்பர் செருப்பின் வார் பட்ட இடத்தில் சிலருக்கு V மாதிரி வெளுத்துப்போவதும் இதே சாதிப் பொருளால்தான்.

என் மனைவிக்கு வந்தது தொற்றுநோய் அல்ல, பரம்பரை நோயும் அல்ல. ஒரு பசையின் தடம். களிம்பும் வெயிலுமாக ஒரு வருஷம் பார்த்தோம். ஓரத்தில் நிறம் வந்தது, நடுவில் வரவில்லை.

2003இல் சின்ன மகளுக்கு ஒரு வரன். ஜாதகம் பொருந்தி, போட்டோ பிடித்து, பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்களில் வயதான அம்மா ஒருவர் பஜ்ஜித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் மனைவியின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வியர்வையில் குங்குமம் கொஞ்சம் கலைந்திருந்தது. இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து, ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறதாம் என்றார். ஏற்கெனவே மூன்று ஜோசியர் பார்த்துப் பொருந்திய ஜாதகம். அன்று ராத்திரி என் மனைவி குழாயடியில் நின்று நெற்றியைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்ததை நான் பார்த்தேன். மகள் போய்க் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அதன் பிறகு அவளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆகி, சந்தோஷமாக இருக்கிறாள். ஆனால் எனக்கு இன்றைக்கும் விளங்காத ஒன்று உண்டு. அந்த வீட்டார் கேட்டதும் சிவப்பான பெண்தான். முகம் முழுக்க வெளுத்தால் அழகு என்கிறோம். பட்டாணி அளவு வெளுத்தால் எழுந்து போகிறோம். இரண்டையும் செய்வது தோலுக்குள் ஒரே மில்தான். இதைப் 'வெண்குஷ்டம்' என்று இன்னும் சொல்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். வெண்புள்ளிக்கும் குஷ்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

குப்பியின் பின்பக்கம்

பேத்தியிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாகச் சில விஷயங்கள் சொன்னேன்.

பெரிய கம்பெனிக் குப்பியில் உள்ள அதிமதுரமோ ஆர்புட்டினோ உன்னைக் கொன்றுவிடாது. பெரும்பாலும் கொஞ்சம்தான் வேலை செய்யும். நிறுத்தினால் பழைய நிறம் வரும். அரிப்போ வெள்ளையோ தெரிந்தால் அன்றைக்கே நிறுத்தி டாக்டரிடம் போக வேண்டும். ஜப்பானில் இரண்டு வருஷம் அதைக் கேட்காமல் விட்டதுதான் பெரிய தப்பு.

அதைவிட அபாயம், என்ன இருக்கிறது என்றே எழுதாமல் 'மூலிகை' என்று மட்டும் எழுதி வரும் டப்பாக்கள். ஒரே வாரத்தில் வெளுக்க வைத்தால் அதில் செடி இல்லை. பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். பாதரசமும் டைரோசினேஸ் மில்லை நிறுத்தும். கூடவே சிறுநீரகத்தையும் நிறுத்தும். கேரளாவில் மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை வந்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு அபூர்வமான ஒரே ரகம். அந்த 15 பேரில் 13 பேர் வெளுக்கும் களிம்பு பூசியவர்கள். ஸ்டீராய்டு களிம்புகள் 14ஐ டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு ஆணை போட்டது. நம் தெருமுனை மருந்துக்கடையில் சீட்டு கேட்கிறார்களா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். குப்பியைத் தூக்கிப் போடவில்லை. 900 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறாள். அலமாரியில் வைத்துவிட்டாள். பிறகு பாட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்து, "சித்திக்கு நடந்தது எனக்கு யாருமே சொல்லலையே பாட்டி" என்றாள். பாட்டி வாழைக்காயை வடிகட்டிக்கொண்டே, "சொல்ற மாதிரியா இருந்துது?" என்றாள்.

மறுநாள் இருவரும் சேர்ந்து ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள். மேடவாக்கம் பக்கம் ஒரு நாட்டு மருந்துக்கடைக்குப் போனேன். பயறு தவிர மற்ற எல்லாம் அங்கே கிடைத்தது. கோரைக்கிழங்கை எடை போட்டு வாங்கியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை; கால் கிலோவுக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டால் அம்மா வரப்பிலேயே உட்கார்ந்திருப்பாள்.

கடைக்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "வீட்ல கல்யாணமா சார்? பொண்ணுக்குக் கலர் வர்றதுக்கா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. குளிக்கிறதுக்கு" என்றேன்.